இரவில் பல்லைக் கடிப்பது



ராத்திரியில் பிள்ளை நறநறவென்று பல்லைக் கடித்தால், "வயித்துல பூச்சி" என்று பூச்சிக் குளிசை கொடுப்பதை லயங்களில் பார்க்கிறோம். அது பூச்சிக்குத்தான் மருந்து. பல் கடிக்கிறதுக்கு இல்லை. அநேகம் பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும். ஏசவும் வேண்டாம், தூக்கத்தில் செய்வது அதுக்குத் தெரியாது.

பெரியவர்கள் கடிப்பதுதான் கவனிக்க வேண்டியது. விடியக்காலையில் தாடை நோவும், நெற்றிப்பொட்டு வலிக்கும், பல் தேய்ந்து கூசும். சாராயம், சுருட்டு, படுக்கிற நேரத்துச் சாயத் தண்ணி எல்லாம் இதைக் கூட்டும். மனக்கவலையும் அப்படித்தான். கடனை நினைத்துப் படுக்கிறவரிடம் 'கவலைப்படாதே' என்றால் போதுமா? அதையும் எங்களிடம் வந்து பேசுங்கள்.

கொழுந்து எடுக்கும்போதும் உதட்டை மூடி, மேல்பல் கீழ்ப்பல்லில் முட்டாமல் பழகுங்கள். ஆஸ்பத்திரிப் பல் டாக்டரிடம் காட்டினால், தேவை என்றால் ராத்திரியில் போடும் உறைக்கு அளவெடுப்பார். உறை பல்லைத் தேயாமல் காக்கும். கடிக்கிற பழக்கத்தை நிறுத்தாது. குறட்டையில் மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.