கொல்லையில் கோழி வளர்ப்போம், சேர்ந்து வளர்ப்போம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் 34 வருஷம் எழுத்தராக இருந்தவன். படித்தது பி.காம். கால்நடை மருத்துவரும் இல்லை, விவசாயப் பட்டதாரியும் இல்லை. "வீட்டுத் தோட்டத்தோடு கோழி வளர்ப்பது பற்றிக் கால் மணி நேரம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். இதில் நான் ஜெயித்த கதையைவிடத் தோற்ற கதைதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் நல்ல பக்கத்தைச் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. என் கொல்லையில் நின்ற பெரிய பலாமரமும் அன்றுதான் போனது. நிழல் போய் வெயில் விழுந்த அந்த இடத்தில் கத்தரி, வெண்டை, முருங்கை, வாழை என்று வைக்க ஆரம்பித்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு 4 பெட்டை, 1 சேவல் வாங்கி விட்டேன். எல்லாம் சிறுவிடைக் கோழிகள்.

கோழியும் தோட்டமும் ஒன்றுக்கொன்று உதவும். ஆனால் இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் தோட்டம் மிஞ்சாது. கீரை விதைத்த பாத்தியை அரை மணி நேரத்தில் கிளறிப் போட்டுவிடும். எனவே செடி இருக்கும் பகுதியைச் சுற்றி 5 அடி உயரத்துக்கு வலை கட்டுங்கள். அறுவடை முடிந்த பாத்தியில் மட்டும் கோழியை உள்ளே விடுங்கள். புழு, கூட்டுப்புழு, களை விதை எல்லாவற்றையும் பொறுக்கித் தின்று, மண்ணையும் கிளறி வைத்துவிடும். செடி நன்றாக உயர்ந்த பிறகு, மாலையில் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் விட்டால் அதிகம் சேதம் இருக்காது. பொழுது சாய்ந்ததும் கூப்பிடாமலே கூட்டுக்குத் திரும்பிவிடும். கோழி மேயும் கொல்லையில் பூச்சிமருந்தும் எலி மருந்தும் கூடவே கூடாது.

கோழி எச்சத்தை அப்படியே செடியின் தூரில் போடாதீர்கள். அது மாட்டுச் சாணத்தைவிடச் சூடு. வேர் கருகிவிடும். கூட்டின் தரையில் நெல் உமியோ கடலைத் தோலோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறிவிட்டால் ஈரமும் நாற்றமும் இருக்காது. அதை எடுத்துக் காய்ந்த இலையோடு குவித்து, 3 மாதம் மக்கவிட்டுப் பிறகு போடுங்கள். நம் ஊரில் முந்திரி ஓடு சும்மா கிடைக்கிறதே என்று அதைப் பரப்பிவிடாதீர்கள். அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பது முந்திரி உடைப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

தீனிக்குப் பெரிய செலவு வேண்டாம். கம்பு, குருணை, தவிடு, முருங்கைக்கீரை, சமையலறைக் காய்கறிக் கழிவு, பழுத்து விழுந்த பலாச்சுளை எல்லாம் தின்னும். குஞ்சுகளுக்குக் கரையான் நல்ல உணவு. ஒரு பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலை ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்துத் தட்டினால் கொட்டும்.

ஒரு எச்சரிக்கை. பூசணம் பிடித்த மணிலாக் கொட்டையையோ பிண்ணாக்கையோ "வீணாகிறதே" என்று கோழிக்குப் போடாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குத்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பூசண நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். அது ஈரலைக் கெடுக்கும். நமக்கும் அதே கதைதான்.

வரவையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் 300 வரை இடும். ஆகவே முட்டைக் கணக்கு மட்டும் பார்த்தால் நாட்டுக்கோழி தோற்றுவிடும். ஆனால் அது தானே அடைகாத்து, 21 நாளில் பொரித்து, குஞ்சையும் தானே வளர்த்துக்கொள்ளும். 7ஆம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். இரத்த நரம்பு ஓடியிருந்தால் கரு இருக்கிறது. எதுவுமே தெரியாவிட்டால் கரு இல்லை, எடுத்துவிடலாம்.

இனி என் தோல்விக் கதை.

நாலு வருஷம் முன்பு என்னிடம் பெரிய கோழி 14, குஞ்சு 20க்கு மேல் இருந்தன. அந்தப் பிப்ரவரியில் கால்நடைத் துறை தடுப்பூசி முகாம் போட்டது. என் மனைவி, "கொண்டுபோய்ப் போட்டுக்கிட்டு வந்திடுங்க" என்றாள். "நம்முடையது இயற்கை முறை. ஊசி எல்லாம் பண்ணைக் கோழிக்குத்தான். எங்க ஆயா எந்தக் கோழிக்கு ஊசி போட்டாங்க?" என்று பெரிதாகப் பேசினேன்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் காலை இரண்டு கோழி தலையைத் தொங்கப் போட்டு நின்றன. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போனது. மிளகு, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுத்தேன். மறுநாள் 5. அதற்கு அடுத்த நாள் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. ஒரு வாரத்தில் கூட்டில் மிஞ்சியது 1 பெட்டை. பேர்த்தி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். ஊரிலிருந்து போன் பண்ணி ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் என் நஷ்டம் என்று விட்டிருப்பேன். நோய் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பு, பின்தெருவில் தனியாக இருக்கும் ஒரு அக்காவுக்கு ஒரு சோடி கொடுத்திருந்தேன். முட்டை விற்றுத்தான் அவர்களுக்கு மளிகைச் செலவு. நான் கொடுத்த சோடி செத்தது. அடுத்த சில நாளில் அவர்களுடைய 6 கோழியும் செத்தன. என் கோழிக்குச் சீக்கு என்று தெரிந்த அன்றே போய்ச் சொல்லியிருந்தால், அந்தச் சோடியைத் தனியாகக் கட்டியிருப்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நான் போகவில்லை. பிறகு போனபோது, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்கள். வேறெதுவும் சொல்லவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் 6 வெடைக்கோழி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த வார்த்தை என் கணக்கில் இன்னும் பற்றாகவே நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் விசாரித்தேன். நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்வதை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்கிறார்கள். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் இனங்கண்டார்கள். அடுத்த வருஷமே இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட்டில் தெரிந்தது. அதனால்தான் நம் நாட்டில் இந்தப் பெயர். வைரஸ் நோய், வந்தபின் மருந்து கிடையாது. ஆனால் தடுப்பூசி உண்டு. நம் மாநிலத்திலேயே ராணிப்பேட்டையில் உள்ள அரசு நிலையம் கால்நடைத் தடுப்பு மருந்துகள் தயாரிக்கிறது. எங்கள் ஆயா ஊசி போடவில்லை என்பது உண்மைதான். ஆனால் சில வருஷம் ஊரில் ஒரு கோழி மிஞ்சாமல் போனதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாதியை நான் வசதியாக மறந்துவிட்டேன்.

இயற்கை முறை என்றால் சும்மா விட்டுவிடுவது இல்லை. காட்டுக்கோழி பரந்த காட்டில் நாலைந்தாகத் திரியும். நம் தெருவில் சுவரை ஒட்டிச் சுவர், கொல்லையை ஒட்டிக் கொல்லை. காக்கையும் நாயும் நம் செருப்பும் நோயை இங்கிருந்து அங்கே கொண்டுபோகும். மூலிகை கோழிக்குத் தெம்பு கொடுக்கலாம். தடுப்பூசி செய்கிற வேலையை அது செய்யாது.

ஊசி அட்டவணை எளிதுதான். குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலும் மூக்கிலும் ஒரு சொட்டு. 4ஆம் வாரம் மறுபடி சொட்டு மருந்து. 8ஆம் வாரம் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டே செய்யுங்கள். முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கிறது, இலவசம். ஆனால் பங்குனி, சித்திரையில் பொரிக்கும் குஞ்சுக்கு அந்த முகாம் உதவாது. அதற்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் சங்கம் தேவைப்படுகிறது. மருந்துக் குப்பி சிறியது என்றாலே பெரும்பாலும் 100 கோழிக்கானது. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதி வீண். 8 குஞ்சு வைத்திருப்பவர் அதற்காக ஒரு குப்பி உடைக்க மனம் வராமல் விட்டுவிடுகிறார். அவர் விட்டால் பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து. பத்து வீடு சேர்ந்தால் ஒரு குப்பி போதும், ஒரு காலை போதும்.

எனவே நான்கு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று, கோழி வளர்க்கும் வீடுகளின் பெயர், கோழி எண்ணிக்கை, பொரித்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுவோம். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், பழகிய கை. மாதம் ஒரு ஞாயிறு காலை எல்லாரும் சேர்ந்து மருந்து போடுவோம். அன்று சோர்ந்திருக்கும் கோழிக்கு மட்டும் போட வேண்டாம்.

இரண்டு, கோழி சோர்ந்தால் அன்றே நம் வாட்ஸ்அப் குழுவில் சொல்லுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். வெட்கப்பட்டதால் என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன். செத்த கோழியைக் காலி மனையில் எறியாமல், கிணற்றுக்குத் தள்ளி 3 அடி குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

மூன்று, சந்தையில் வாங்கிய கோழியை 3 வாரம் தனியாகப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

நான்கு, கோழி வளர்க்காத வீட்டார் பொறுமைக்கும் எல்லை உண்டு. அடுத்த வீட்டுப் பூச்செடியைக் கிளறாமல் வேலி போடுவது நம் கடமை. விடியுமுன் கூவும் சேவலை இருட்டான கூட்டில் அடையுங்கள், ஒரு வீட்டுக்கு ஒரு சேவல் போதும். கூட்டைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

இப்போது என் கொல்லையில் 11 கோழி இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மருந்து போட்ட தேதி நோட்டில் இருக்கிறது. அதில் 5, மிஞ்சிய அந்த ஒற்றைப் பெட்டை அடைகாத்துப் பொரித்தவை. பின்தெரு அக்கா வீட்டில் 9. போன மாதம் ஒரு கூடை முட்டை கொடுத்தனுப்பினார்கள். அடை வைக்க எனக்கு முட்டை தேவை என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு நோட்டும் பேனாவுமாகச் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் வந்து பெயர் கொடுங்கள்.