தொப்பி பின்னியவரின் நத்தார்



மார்கழி பிறந்ததும் கண்டிக் கடைகளில் பஞ்சு வெண்பனியாகிவிடும். பிளாஸ்டிக் மரத்தின் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே மின்விசிறியைச் சுழலவிட்டிருக்கும் கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. சிறு வயதில் கலஹாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், துரை பங்களாவின் சன்னலில் தொங்கி அதே பஞ்சை வாய்பிளந்து பார்த்தவன் நான். துரைக்கு அவருடைய ஊர் நினைவு. எங்களுக்கு அது வேடிக்கை.

ஆனால், இந்த மலைகளில் ஊர் நினைவோடு நத்தாரைக் கழித்த ஆங்கிலேயர் துரைமாருக்கு முன்பே இருந்தனர். அவர்கள் கைதிகள். அவர்களுள் ஒருவரான ரொபர்ட் நொக்ஸைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற கப்பல், அதைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அதன் தலைவரையும் மாலுமிகளையும் பிடித்துக்கொண்டனர். தலைவரின் மகனான நொக்ஸுக்கு அப்போது வயது பத்தொன்பது. விலங்கு எதுவும் இல்லை. ஊருக்கு ஒருவர், இருவராகப் பிரித்து வைத்தார்கள். சோறு போடுவது ஊரவர் பொறுப்பு. உடுதுணி மட்டும் அவரவர் பாடு. ஓராண்டுக்குள் தந்தை காய்ச்சலில் இறந்துபோனார். மகன் பருத்தி நூலில் தொப்பி பின்னி விற்கத் தொடங்கினார். வெயில் நாட்டில் பின்னல் தொப்பி! ஆயினும் அது விலைபோயிற்று. ஒரு நாள் கிழவரொருவர் கொண்டுவந்த ஆங்கில வேதாகமத்தை நொக்ஸ் வாங்கியதும் அத்தகைய தொப்பியொன்றைக் கொடுத்துத்தான்.

1664ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலேயரையெல்லாம் அரசன் நில்லம்பைக்கு அழைப்பித்தான். பேராதனையிலிருந்து கலஹாவுக்குப் போகும் பாதையில் இன்றும் அந்த ஊரைக் கடந்துதான் செல்ல வேண்டும். அவர்களை விடுவிக்கும்படி சென்னைக் கோட்டையிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒல்லாந்தத் தூதரும் பரிந்து பேசினார். அரண்மனைச் சேவைக்கு வருகிறீர்களா என்று அரசன் கேட்டான். எல்லாரும் மறுத்து, விடுதலையை எதிர்பார்த்திருந்தனர். வானத்தில் பெரிய வால்வெள்ளி ஒன்று தெரிந்தது. அதே வால்வெள்ளியை அந்த மாதம் ஐரோப்பாவிலும் பார்த்தார்கள். டிசம்பர் 21ஆம் திகதி நள்ளிரவில் கலகம் வெடித்தது. அரசன் இருளோடு இருளாக மலைக்குத் தப்பினான். கலகக்காரர் ஆங்கிலேயரையும் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து, அங்கிருந்த இளவரசனை அரசனாக்க முனைந்தனர்.

நத்தார் நாளும் வந்தது. அன்று பார்த்துத்தான் ஆங்கிலேயருக்கு அரண்மனையிலிருந்து அழைப்பு! காசும் துணியும் கொடுத்தார்கள். எதற்கு? ஆயுதம் தூக்கிப் பழைய அரசனோடு பொருதுவதற்கு. கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இளவரசன் தப்பிவிட்டான் என்ற செய்தி வந்தது. கொடுத்தவர்கள் காசையும் துணியையும் முற்றத்தில் எறிந்துவிட்டு ஓடினர். பிறகு, தாமே அரச விசுவாசிகள் என்று காட்டுவதற்காக ஒருவரையொருவர் வெட்டத் தொடங்கினர்.

நாலு வருடம் துணிக்குத் திண்டாடிய மனிதர்கள், முற்றத்தில் கிடந்த துணிகளுக்கு நடுவே நின்றதை நினைத்துப் பாருங்கள். இரு பக்கமும் அவர்களுடைய பக்கமல்ல. 1681இல் வெளிவந்த தம் நூலில் நெல் விளைச்சலையும் பாம்பையும் தென்னையையும் பக்கம் பக்கமாக எழுதிய நொக்ஸ், அன்று என்ன நாள் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார். அவர் அதை அழுது எழுதியிருந்தால் நான் இவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்பேனா என்பது சந்தேகமே. விடுதலைக்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1679இல் ஒரு தோழரோடு அநுராதபுரம் வழியாக, மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார்.

நான் இந்நூலைப் பேராதனை நூலகத்தில் படித்தது 1972இல். கலகம் நடந்து முந்நூறு ஆண்டு கழித்து, 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று கணக்கெழுதினார்கள். அந்தக் கணக்கில் என் பெரியம்மாவும் ஒருவர். அவர் பிறந்தது நில்லம்பைக்கு மேலே ஒரு லயத்தில். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தவர் அவரே.

1972 டிசம்பரில் கண்டியிலிருந்து கோச்சி ஏற்றினோம். தலைமன்னார், அங்கிருந்து கப்பல், பிறகு மண்டபம் முகாம். நத்தாரும் அங்கேதான். தை மாதம் அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது; நான்தான் வாசித்துக் காட்டினேன். மணல், புழுக்கம், உப்புத் தண்ணீர். பூசைக்குப் போய் வந்தோம் என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றவே மாட்டோம் என்கிறார்கள், வியர்வை வழிந்து நெற்றியெல்லாம் கொப்பளித்துவிட்டது, அடித்தும் பார்த்தேன் தங்கச்சி, என்றும் எழுதியிருந்தார்.

அந்த வரியை இன்னொரு தடவை படி என்றார் அம்மா. படித்தேன். எழுந்து போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை இறக்கி வைத்தார்.