மின்னதிர்வுத் துப்பாக்கி: கொடுப்பதற்கு முன் கட்டுப்பாடு வேண்டும்

(ஈப்போ, புந்தோங்கில் நடந்த கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



சுங்கை சிப்புட், சிம்மோர் பக்கத்துப் பழைய தோட்டங்களில் இருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள். நன்றி.

போலீசார் கையில் மின்னதிர்வுத் துப்பாக்கி, அதாவது டேசர் இருந்தால் துப்பாக்கிச் சூடு குறையும் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. தோட்டா பாய்ந்து சாவதைவிட மின்சாரம் பட்டு விழுந்து எழுவது மேல்தான். ஆனால் அந்தக் கருவியை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். தூரத்தில் இருந்து சுட்டால் கம்பியோடு இரண்டு ஊசிகள் பாயும், தசை இறுகி ஆள் விழுவான். விசையை ஒரு தடவை அழுத்தினால் 5 வினாடி. ஊசி இல்லாமல் உடம்பிலேயே வைத்தும் அழுத்தலாம். அப்போது வலி மட்டும்தான். வலி மட்டும் கொடுக்கிற கருவி லாக்கப்பில் எதற்கு உதவும் என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

குகனை மறந்திருக்க மாட்டீர்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் பிணவறைக்குள் போய் காயங்களைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். இரண்டாவது பரிசோதனைதான் அடியால் சிறுநீரகம் செயலிழந்ததைச் சொன்னது. 2013இல் உயர் நீதிமன்றம் தாயாருக்கு 801,700 வெள்ளி கொடுக்கச் சொன்னது. உடம்பு முழுக்க அத்தனை அடி, குற்றம் சாட்டப்பட்டதோ ஒரே ஒரு கான்ஸ்டபிள்!

அங்கே காயம் பேசியது. மின்சாரம் விட்டுப்போவது சின்னஞ்சிறு புள்ளிகள். நாளைக்கு எதைப் படம் எடுப்பீர்கள்?

2007 அக்டோபரில் கனடா வான்கூவர் விமான நிலையத்தில் ராபர்ட் ஜெகான்ஸ்கி என்ற போலந்துக்காரர் இறந்தார். தாயாரோடு வாழ வந்தவர், ஆங்கிலம் தெரியாது, மணிக்கணக்காக அலைந்து குழம்பிப்போனவர். நான்கு போலீசார் வந்தார்கள், ஐந்து தடவை மின்சாரம் பாய்ச்சினார்கள். அவர் கையில் இருந்தது ஸ்டேப்ளர். ஒரு பயணி எடுத்த வீடியோ இருந்ததால் உண்மை வெளியே வந்தது. விசாரணை ஆணையத்தில் பொய் சொன்னதற்காக இரண்டு போலீசார் பின்னர் சிறை சென்றார்கள். லாக்கப்பில் வீடியோ எடுக்கப் பயணி யார் இருக்கிறார்?

ஒரு நல்ல விஷயம், டேசருக்கு நினைவு உண்டு. விசையை எப்போது, எத்தனை தடவை அழுத்தினார்கள் என்பது உள்ளேயே பதிவாகும். அந்தப் பதிவு குடும்பத்தின் வழக்கறிஞருக்கும் கிடைக்க வேண்டும், கேட்டதும் கிடைக்க வேண்டும். விலங்கு மாட்டிய ஆள் மீது, லாக்கப்புக்குள், கர்ப்பிணி மீது பயன்படுத்தவே கூடாது. உடம்பில் வைத்து அழுத்தும் முறையே கூடாது என்று 2020இல் வந்த ஐ.நா. வழிகாட்டியும் சொல்கிறது. இதையெல்லாம் போலீசின் உள் உத்தரவாக எழுதி அலமாரியில் பூட்டினால் போதாது, சட்டத்தில் எழுத வேண்டும்.

மீறினால் யார் தண்டிப்பது? 2005இல் அரச விசாரணை ஆணையம் சுயேச்சையான ஆணையம் கேட்டது. 2023 ஜூலையில் வந்த ஐ.பி.சி.சி.க்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான்.

கடைசியாக தாய்மார்களுக்கு ஒன்று. பிள்ளையைப் பிடித்துப் போனால் வீட்டில் உட்கார்ந்து அழாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும், அது அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு. வழக்கறிஞரைத் தொடர்புகொள்ள அவனுக்கு உரிமை உண்டு, அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ. அடித்திருந்தாலும் மின்சாரம் வைத்திருந்தாலும், ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போதே மாஜிஸ்திரேட்டிடம் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். புள்ளி சின்னதாக இருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கேட்கட்டும். இரண்டு நாள் கழித்தால் அதுவும் மறைந்துவிடும்.