ஸ்பேர் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?



"கார்புரேட்டரைப் பற்றி இப்ப எதுக்கு சார் பேச்சு?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது பைக்குகளில் பெரும்பாலும் இஞ்செக்‌ஷன்தான். ஆனால் பழைய புல்லட்டும் யெஸ்டியும் பெட்ரோல் அம்பாசிடரும் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன. வைத்திருப்பவர்கள் ஒரு கார்புரேட்டரைப் பிரித்துச் சரிசெய்து, ஸ்பேராக எடுத்து வைக்கிறார்கள். நல்ல பழக்கம். எடுத்து வைக்கிற முறையில்தான் கோட்டை விடுகிறோம்.

மாட்டி ஓட்டிப் பார்த்ததும் கழற்றி, துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிடுகிறோம். ஃப்ளோட் சேம்பரில் தங்கிய ஒரு ஸ்பூன் பெட்ரோல் என்னவாகும்? லேசான பாகம் பறந்துவிடும். மிச்சம் பிசினாகப் படியும். பைலட் ஜெட் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அடைக்க அது போதும். போதாததற்கு, 2025-ல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அலுமினியம், துத்தநாகக் கலவையில் வெள்ளையாகப் பூக்கும்.

அரைமணி நேர வேலைதான். பெட்ரோலை முழுக்க வடியுங்கள். ஜெட்டுகளைக் கழற்றி, எல்லா வழிகளிலும் காற்றடித்து உலர்த்துங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். த்ராட்டில் தண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய், ரப்பரில் படக்கூடாது. வாய்களை மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத கவரில் வையுங்கள். காஸ்கெட், ஓ-ரிங் ஒரு செட் தனியாக இருக்கட்டும். ரப்பர் நாளாக ஆகக் காய்ந்துபோகும்.

கடைசியாக ஒரு சீட்டு. எந்த வண்டி, என்ன ஜெட் நம்பர், மிக்ஸ்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது, என்ன தேதி. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செய்தவருக்கு ஞாபகம் இருக்கும். மாட்டப் போகிறவர் வேறு ஆளாக இருக்கலாம். கார்புரேட்டர் ட்யூனிங்கில் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது. அவர்கள் கைப்பக்குவத்தில் கொஞ்சமாவது அந்தச் சீட்டில் தங்கட்டும்.

தம்பி தங்கைகளே, நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் கார்புரேட்டர் இருக்காது. பம்பு இருக்கும், வால்வு இருக்கும், மோட்டார் இருக்கும். ஸ்டோர் ரெஜிஸ்தரில் 'ஸ்பேர் - 1' என்று எழுதியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் நின்ற பிறகு அதைத் தேடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே போய்ப் பெட்டியைத் திறந்து, அந்த 1 உண்மைதானா என்று பாருங்கள்.