மூன்று கோட்டு இலை

 

இன்று ஓர் இலையைப் பற்றிப் பேசுவோம். குஸ்காவில் போடுகிறோம். பிரியாணியில் போடுகிறோம். சாப்பிடும்போது எடுத்து ஓரமாக வைத்து விடுகிறோம். அது என்ன இலை?

ஆம், பிரிஞ்சி இலைதான். நம் ஆனேக்கல் கடைகளில் கன்னடத்தில் 'பலாவ் எலெ' என்பார்கள். வடநாட்டில் 'தேஜ்பத்தா' என்பார்கள்.

இந்த மரம் இமயமலை அடிவாரத்தில் வளர்கிறது. அஸ்ஸாம், மேகாலயாவிலும் உண்டு. இது பட்டை மரத்தின் உறவு. உத்தரகாண்ட் தேஜ்பத்தாவுக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'இது இந்த ஊர்ப் பொருள்' என்று அரசு தரும் அடையாளம் அது.

வெளிநாட்டில் இதைப்போல இன்னொரு மரம் உண்டு. அதன் பெயர் லாரல். பழைய கிரேக்கரும் ரோமரும் வெற்றி பெற்றவர் தலையில் அதன் இலைகளைச் சூட்டினார்கள்.

இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது? லாரல் இலையில் நடுவே ஒரே நரம்பு ஓடும். நம் பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று கோடுகள் இருக்கும். கசக்கினால் பட்டை வாசனை வரும்.

இதை ஏன் சொல்கிறேன்? நம் வீட்டு ஓரத்தில் அரளி இருக்கிறது. அதன் இலையும் நீளமாக இருக்கும். ஆனால் அது விஷம். இதயத்தைத் தாக்கும். காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது. ஆகவே, தெரியாத செடியின் இலையைப் பறித்துச் சமைக்காதீர்கள். யாராவது தவறிச் சாப்பிட்டால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. பிரிஞ்சி இலைக் கஷாயம் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்பார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் இடம் இருந்தால் ஒரு கன்று நடலாம். நல்ல நர்சரியில் கேட்டு வாங்குங்கள். மரம் உயரமாக வளரும். அதனால் சுவரை விட்டுத் தள்ளி நடுங்கள். ஒன்றரை அடி ஆழம் குழி எடுங்கள். செம்மண்ணோடு மக்கிய சாணி எருவைக் கலந்து போடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. சிறு கன்றுக்கு நிழல் வேண்டும்.

அவசரப்பட்டு மொட்டையடிக்காதீர்கள். தோட்டக்காரர்கள் சுமார் 10 ஆண்டு ஆன பிறகுதான் அறுவடை செய்வார்கள். முற்றிய இலையை மழை இல்லாத நாளில் பறிப்பார்கள். கட்டாகக் கட்டிக் காய வைப்பார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் மசாலா டப்பாவைத் திறங்கள். ஓர் இலையை எடுத்துக் கோடுகளை எண்ணுங்கள். எத்தனை என்று நாளை வந்து சொல்லுங்கள்.