முன்னாடி நடந்தவங்க

இன்னைக்கு சின்ன எபிசோட்தான்.

வட பிரான்ஸ்ல போவேன்னு ஒரு ஊர். 1472 ஜூன்ல பர்கண்டி பிரபு சார்லஸ் பெரும்படையோட வந்து அந்த ஊரை முற்றுகை போட்டார். உள்ளே வீரர்கள் கம்மி. அதனால ஊர்ப் பெண்களும் மதில் மேல ஏறினாங்க. கல்லு, அம்பு, கொதிக்கிற எண்ணெய்னு கிடைச்சதெல்லாம் தூக்கிட்டுப் போனாங்க. அதுல ஒருத்தர் ழான் லெனே. மதில்ல எதிரி கொடியை நட்டப்போ அதைப் பறிச்சவர் அவர்தான்னு ஊரே சொல்லுது. கையில கைக்கோடாலி இருந்ததால 'ழான் ஆஷெத்'ங்கிற பேரும் நிலைச்சிடுச்சு. ஜூலையில சார்லஸ் முற்றுகையைக் கைவிட்டுக் கிளம்பிட்டார்.

எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் நடந்ததுதான். மன்னர் பதினொன்றாம் லூயி 1473ல ஒரு உத்தரவு போட்டார்: வருஷா வருஷம் நடக்கிற நன்றி ஊர்வலத்துல ஆண்களுக்கு முன்னாடி பெண்கள் போகணும். வெறும் பாராட்டோட நிறுத்தாம, வரிசையையே மாத்திட்டார். இன்னைக்கும் ஜூன் கடைசியில அந்த ஊர் இடைக்கால உடையில திருவிழா கொண்டாடுது.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. போன ரிலீஸ்ல ராத்திரி முழுக்க உக்காந்து பெரிய பக்கைக் கண்டுபிடிச்சது எங்க டெஸ்டர். மறுநாள் டெமோ காட்டி கைதட்டு வாங்கினது நான். அவங்க பேரை நான் சொல்லவே இல்ல. அப்புறமா தனியா 'தேங்க்ஸ்'னு ஒரு மெசேஜ் போட்டேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அடுத்த டெமோ. அவங்கதான் பேசப் போறாங்க. நான் பின்னாடி உக்காந்திருப்பேன்.