உள்ளான் உணர்த்திய பாடம்



வெள்ளிவிழா மேடையில் பறவைகளைப் பற்றிய பேச்சா எனச் சிலர் வியக்கக்கூடும். கல்வி நான்கு சுவர்களுக்குள் முடிவதன்று. ஆகவே சென்ற தைத் திங்களில் நம் கழகத்து மாணவ மாணவியர் இருபதின்மரை அழைத்துக்கொண்டு, நந்தனத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டுப் பள்ளிக்கரணைக் கழுவெளிக்குச் சென்றோம்.

நந்தனத்தை ஒட்டி அடையாறு ஓடுகிறது. அருகிலிருந்த பேரேரியைத் தூர்த்தே 1920களில் தியாகராயநகர் எழுந்தது. எஞ்சிய நீர்நிலைகளுள் பெரியது பள்ளிக்கரணை. அதைப் பயனற்ற நிலமெனக் கருதிப் பல பத்தாண்டுகள் மாநகரக் குப்பையை அங்கே கொட்டினர். 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று; 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

பனி விலகியதும் சேற்றோரத்தில் கொசு உள்ளான்களைக் கண்டோம். முப்பது கிராம் எடைகூட இல்லாத இச்சிறு பறவை, வடதுருவத்தை அடுத்த பனிவெளியில் முட்டையிட்டுப் பொரித்து, குளிர்காலத்தில் நம் நாடு நோக்கி வருகிறது. அது சேற்றின் மேற்பரப்பைக் கொத்துகிறது. நீண்ட அலகுடைய கருவால் மூக்கன் ஆழத்தே துழாவுகிறது. நெடுங்கால் உள்ளான் நீருக்குள் நடந்து இரை தேடுகிறது. ஒரே சேறு பலருக்கும் உணவளிக்கிறது. நீர் மிக ஆழமானால் இவற்றுக்கு நிற்க இடமில்லை. முற்றும் வற்றினால் உணவில்லை. பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட ஆழமற்ற சேறே இவற்றின் உணவுக்களம்!

உடன் வந்த மாணவி ஒருத்தியின் குடும்பம் 2015 வெள்ளத்திற்குப்பின் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடியமர்த்தப்பட்டது. "நாள்தோறும் இவ்வழியே பேருந்தில் வருகிறேன். குப்பை நாற்றத்தை அறிவேன், இப்பறவைகளை இன்றுதான் அறிந்தேன்" என்றாள். அவள் குடும்பத்தைப் பெயர்த்தபோது எவரும் அவர்களைக் கேட்கவில்லை. கழுவெளியைச் சுருக்கியபோதும் அதன் கரையில் வாழ்ந்தோரைக் கேட்கவில்லை. ஒதுக்கப்பட்ட நிலத்தின் ஓரத்திலேயே ஒதுக்கப்பட்ட மக்களையும் வைப்பது புதிய வழக்கமன்று.

1927 மார்ச் 20ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகினார். பொது நீர்நிலை அனைவர்க்கும் பொதுவென்பதை அச்செயல் நிலைநாட்டியது. நீரைப் பருகும் உரிமையோடு, அந்நீரைக் கற்கும் உரிமையும் நமக்குண்டு. நம் முன்னோர் இக்கல்விக்குப் புதியவரல்லர். மனித நடமாட்டம் கண்டு குரலெழுப்பும் பறவைக்கு ஆட்காட்டி எனப் பெயரிட்டவர் ஏட்டுக்கல்வி பெறாத உழவரும் கூலியாளருமேயன்றோ?

ஆதலின் அன்பர்களே, ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதில் நம் பிள்ளைகளின் கணக்கும் சேரவேண்டும். கழக நூலகத்திற்கு இரண்டு தொலைநோக்கிகளை வழங்குங்கள். திங்கள்தோறும் அழைத்துச் செல்லும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். அம்மாணவி தன் குறிப்பேட்டில் முதற்பக்கத்தை எழுதிவிட்டாள். நாற்பத்தொரு நெடுங்கால் உள்ளான் என்று. அடுத்த பக்கங்கள் நிரம்ப நாம் துணைநிற்போம்.